பேட்டன்ட் ‘பப்ளிஷ்’ ஆனால் என்ன ஆனது?

பொன்னாடை, பூங்கொத்து, நடுவில் கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு காகிதம். கீழே ‘எங்கள் துறைப் பேராசிரியரின் மருத்துவக் கருவிக்குப் பேட்டன்ட் கிடைத்தது’ என்று வாசகம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அது காப்புரிமை அலுவலக இதழின் ஒரு பக்கம். வெள்ளிக்கிழமைதோறும் வரும் இதழ் அது. விண்ணப்பம் போட்டு 18 மாதம் ஆனால் தானாக அதில் வந்துவிடும். அவ்வளவு நாள் பொறுக்காதவர்கள் படிவம் 9 போட்டு 2,500 ரூபாய் கட்டினால் (தனிநபர், ஸ்டார்ட்அப், கல்வி நிறுவனத்துக்கான கட்டணம்) ஒரு மாதத்துக்குள் வந்துவிடும். கருவி புதியதா, உருப்படியானதா என்று அந்தக் கட்டத்தில் யாரும் சோதிப்பதில்லை. பத்திரிகையில் வரன் விளம்பரம் வந்ததற்கே பந்தி போடுவது மாதிரிதான் இந்தக் கொண்டாட்டம்.

இதைவிட வேடிக்கை ‘டிசைன் பேட்டன்ட்’. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. டிசைன் பதிவு என்று ஒன்று உண்டு. அது பொருளின் வெளித்தோற்றத்துக்கு மட்டும்தான். பிரிட்டனில் டிசைன் பதிவு செய்யும்போது அது புதியதா என்றுகூடப் பார்க்க மாட்டார்கள். அங்கே ஒரு டப்பாவின் படத்தைப் பதிந்து, ‘செயற்கை நுண்ணறிவால் புற்றுநோய் கண்டறியும் கருவி’ என்று பெயர் வைத்து, சுவரில் மாட்டிக்கொள்ளலாம். புற்றுநோய்க்கும் அந்தக் காகிதத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

உண்மையான முடிவு தெரிய வேண்டுமானால் காப்புரிமை அலுவலகத்தின் ‘இன்பாஸ்’ தேடல் பக்கத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டுப் பாருங்கள். இலவசம்தான். பிரிவு 15 என்று இருந்தால் கன்ட்ரோலர் (காப்புரிமை தருவதா வேண்டாமா என்று முடிவு செய்யும் அதிகாரி) காரணம் எழுதி நிராகரித்திருக்கிறார். பிரிவு 21(1) என்றால் ஆட்சேபத்துக்குப் பதில் வரவில்லை, கைவிட்டதாக முடித்துவிட்டார்கள். 11பி(4) என்றால் ஆய்வு செய்யச் சொல்லிக் கேட்கவே இல்லை, திரும்பப் பெற்றதாகக் கணக்கு. முதல் வகையில் தோற்றவராவது களத்தில் நின்றார். மற்ற இரண்டும் பெரும்பாலும் சான்றிதழை மாட்டியதோடு மறந்துபோனவர்களின் கணக்கு.

மருத்துவத் துறை விண்ணப்பம் எங்கே சறுக்குகிறது? என் கருத்து இதுதான்: முடிவு ஹியரிங்கில், அதாவது கன்ட்ரோலர்முன் நடக்கும் விசாரணையில், தீர்மானமாவதில்லை. விண்ணப்பம் போட்ட அன்று கிளெய்ம்களை (எதற்கெல்லாம் உரிமை கேட்கிறீர்கள் என்று சொல்லும் வாக்கியங்களை) எப்படி எழுதினீர்கள், அதற்கு முன் யாரிடம் எதைக் காட்டினீர்கள் என்பதிலேயே பாதிக்கு மேல் தீர்ந்துவிடுகிறது.

காப்புரிமைச் சட்டம் 1970-இல் பிரிவு 3(ஐ) இருக்கிறது. மனிதருக்குச் செய்யும் மருத்துவம், அறுவை, நோய்த்தடுப்பு, நோயறிதல், சிகிச்சை முறை எதற்கும் காப்புரிமை கிடையாது. முறைக்குத்தான் தடை. கருவிக்கு, சோதனைக் கிட்டுக்கு, சோதனையில் பயன்படும் வேதிப்பொருளான ரீஏஜென்டுக்குத் தடை இல்லை. இந்த ஒரு வித்தியாசம் புரியாமல் எழுதப்பட்ட விண்ணப்பங்கள் ஏராளம்.

ஒரு உதாரணம். ஊசி குத்தாமல், விரலில் கிளிப் மாட்டி ரத்தசோகையைக் கணிக்கும் கருவி என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக முதல் கிளெய்ம் இப்படி வரும்: ‘விரலில் ஒளியைச் செலுத்துதல், கடந்துவரும் ஒளியை அளத்தல், அந்த அளவைக் கணினி மாடலில் கொடுத்தல், நோயாளிக்கு ரத்தசோகை உண்டா எனத் தீர்மானித்தல்.’ நாலும் வினைகள். கடைசி வினை நோயறிதல், அதனால் 3(ஐ). மூன்றாவது வினை அல்காரிதம், அதனால் வெறும் அல்காரிதத்துக்கும் மென்பொருளுக்கும் காப்புரிமை மறுக்கும் 3(கே). ஒரே வாக்கியத்தில் இரண்டு குழியிலும் காலை விட்டாயிற்று.

இதே கருவியில் பொறியாளர் உண்மையில் பட்ட பாடு எங்கே? கிளிப்பின் ஸ்பிரிங் இறுக்கத்தில். அதிகம் இறுகினால் விரல் நுனியின் சிறு ரத்தக் குழாய்கள் நசுங்கித் துடிப்பு அலை சிறுத்துவிடும். தளர்ந்தால் அறை வெளிச்சம் உள்ளே புகும், விரல் ஆடினாலே அளவு மாறும். அதனால் கிளிப்பின் அடித்தகட்டில் ஒரு அழுத்த சென்சார் வைத்து, அழுத்தம் குறிப்பிட்ட எல்லைக்குள் நிற்கும்போது மட்டும் ஒளி அளவை எடுக்கும்படி சர்க்யூட்டைப் பூட்டியிருப்பார்கள். கண்டுபிடிப்பு அங்கேதான் இருக்கிறது. கிளெய்ம் அதைத்தான் சொல்ல வேண்டும்: இரண்டு தாடைகள் கொண்ட உறை, ஒரு தாடையில் இன்ன அலைநீள எல்.இ.டி.க்கள், எதிர்த் தாடையில் ஒளியை அளக்கும் போட்டோடையோடு, அதன் அடியில் அழுத்த சென்சார், இந்த எல்லைக்கு வெளியே அளவெடுப்பதைத் தடுக்கும் கட்டுப்பாட்டுச் சுற்று. நோயின் பெயரே கிளெய்மில் வர வேண்டியதில்லை. விளக்கத்தில் ஒரு அட்டவணை போதும்: அழுத்தப் பூட்டு இல்லாமல் எடுத்த அளவு, பூட்டோடு எடுத்த அளவு, ஆய்வகத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்த அளவு, மூன்றும் பக்கத்துப் பக்கத்தில். காப்புரிமை அலுவலக ஆய்வாளர் 3(கே) என்று கேட்டால் வன்பொருளில் வந்த பலன் இது என்று காட்ட அந்த அட்டவணைதான் கை கொடுக்கும். மென்பொருள் சார்ந்த விண்ணப்பம் பற்றிய ஃபெரித் அல்லானி வழக்கில் 2019 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னதன் சாரமும் இதுதான். மென்பொருள் இருக்கிறது என்பதற்காக மட்டும் தள்ளிவிட முடியாது. தொழில்நுட்பப் பலன் உண்டா என்று பார்க்க வேண்டும்.

‘முதலில் எதையாவது போட்டு வைப்போம், ஆட்சேபம் வந்தால் திருத்திக்கொள்ளலாம்’ என்று சொல்லும் ஆட்களை நம்பாதீர்கள். பிரிவு 59 அதற்கு இடம் தராது. திருத்தம் என்பது குறைப்பது, பிழை நீக்குவது, தெளிவுபடுத்துவது மட்டும்தான். திருத்திய கிளெய்ம் பழைய கிளெய்மின் எல்லைக்குள்ளேயே முழுக்க அடங்க வேண்டும். முறையாக எழுதியதைப் பொருளாக மாற்றப் போனால் ‘எல்லை தாண்டிவிட்டது’ என்று அடிப்பார்கள். கண்ணுக்குள் வைக்கும் மருந்து இம்பிளான்ட் பற்றிய அலர்கன் வழக்கில், சிகிச்சை முறை கிளெய்ம்களை இம்பிளான்ட் கிளெய்ம்களாக மாற்ற டெல்லி உயர் நீதிமன்றம் 2023-இல் இடம் கொடுத்தது உண்மை. ஆனால் அந்த இம்பிளான்ட் விளக்கத்தில் ஏற்கெனவே விரிவாக எழுதப்பட்டிருந்தது. அதுவும் இல்லாதவருக்கு அந்தத் தீர்ப்பு உதவாது. அமெரிக்காவில் போட்ட விண்ணப்பத்தை அப்படியே இங்கே இறக்குகிறவர்கள் மாட்டிக்கொள்வதும் இதில்தான். அங்கே சிகிச்சை முறைக்கே காப்புரிமை உண்டு. கண்புரை அறுவையில் தையல் போடாமல் வெட்டும் முறைக்கு ஒரு மருத்துவர் காப்புரிமை வாங்கி இன்னொரு மருத்துவர்மேல் வழக்குப் போட்ட கூத்தெல்லாம் அங்கே நடந்து, மருத்துவர்களைக் காக்க 1996-இல் தனிச் சட்டப்பிரிவு கொண்டுவர வேண்டியதாயிற்று. நம் 3(ஐ) அந்தத் தலைவலியை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. அந்த அளவில் அது நல்ல சட்டம்.

அடுத்தது இறுதியாண்டு புராஜெக்ட் வகை. ஒரு இ.எஸ்.பி.8266 வைஃபை போர்டு, ஒரு மேக்ஸ்30100 ஆக்சிமீட்டர் சென்சார், ஒரு வெப்பநிலை சென்சார், கிளவுடில் ஒரு கிராஃப், அளவு கூடினால் மருத்துவருக்கு எஸ்.எம்.எஸ். இதன் தலைவிதி பிரிவு 3(எஃப்): தெரிந்த கருவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது, ஒவ்வொன்றும் தன் வேலையைத் தனியாகச் செய்கிறது. சென்சார் எண்ணிக்கையை இரண்டிலிருந்து ஏழாக்கினாலும் முடிவு மாறாது. ஒன்றின் அளவு இன்னொன்றின் நடத்தையை மாற்றினால் மட்டும் பேச இடமுண்டு. உதாரணமாக, தோலின் வெப்பம் குறைந்தால் எல்.இ.டி. மின்னோட்டம் கூடி, குளிர்ந்த விரலிலும் துடிப்பு அலை பிடிபடுகிறது என்றால் அங்கே ஒரு சேர்க்கைப் பலன் இருக்கிறது. அப்போதும் முன்பே யாராவது செய்திருக்கிறார்களா என்று தேடிவிட்டுத்தான் பேச வேண்டும்.

தெரிந்த மருந்துப் பொருளின் புது வடிவத்துக்கு, திறன் கூடினால் ஒழியக் காப்புரிமை இல்லை என்பது 3(டி). அது என்றதும் எல்லோருக்கும் கிளிவெக் என்ற ரத்தப் புற்றுநோய் மருந்து நினைவு வரும். அந்த விண்ணப்பம் 1998-இல் போடப்பட்டது நம் சென்னை அலுவலகத்தில்தான்; 2006 ஜனவரியில் நிராகரித்ததும் சென்னைதான். உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று அதை உறுதி செய்தது. உடலில் மருந்து சேரும் அளவு 30 சதவீதம் கூடியது என்று காட்டினார்கள். நோய் தீர்க்கும் திறன் கூடியதற்கு அது மட்டும் சான்றாகாது என்றது நீதிமன்றம். மருந்துக்காரர்கள் இந்தப் பாடத்தைப் படித்துவிட்டார்கள். கருவிக்காரர்கள்தான் அதே பிரிவின் வால் பகுதியைப் படிப்பதில்லை: தெரிந்த இயந்திரத்தை, சாதனத்தை வேறொன்றுக்குப் பயன்படுத்துவது மட்டும் கண்டுபிடிப்பாகாது. கல்லீரலுக்குப் பயன்படும் அல்ட்ராசவுண்ட் கருவியை மாற்றமில்லாமல் தைராய்டுக்கு வைத்தேன் என்றால் அங்கேயே கதை முடிந்தது. உடலில் வைக்கும் புரோபின் வடிவம் மாறியிருந்தால், அந்த வடிவத்தைக் கேளுங்கள்.

சித்த மருந்துக் கலவைகளுக்கு 3(பி) (ஆங்கில p) தடை, மரபறிவு. மத்திய அரசின் மரபறிவு மின்நூலகத்தில் சித்த நூல்களின் சூத்திரங்களும் இருக்கின்றன, ஆய்வாளர் அதை எடுத்து வைப்பார். கூடவே 3(இ), வெறும் கலவை என்பார். தனித்தனியாக ஒவ்வொரு மூலிகையும், சேர்த்தபோது மொத்தமும் என்ன செய்தன என்ற ஒப்பீட்டுத் தரவு இல்லாமல் அதைத் தாண்டுவது கடினம். நாட்டின் உயிரி வளத்தை வைத்துச் செய்ததென்றால், தரமணியில் இருக்கும் தேசிய பல்லுயிர் ஆணையத்தையும் காப்புரிமை வழங்கப்படும் முன் அணுகியாக வேண்டும்.

நோயறிதல் சோதனைகள் பற்றித்தான் எனக்குச் சட்டத்தோடு பிணக்கு. கர்ப்பிணியின் ரத்தத்திலேயே சிசுவின் டி.என்.ஏ. துணுக்குகள் மிதப்பதை ஹாங்காங்கைச் சேர்ந்த டென்னிஸ் லோ குழு 1997-இல் காட்டியது. வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீர் எடுக்க வேண்டிய தேவையைப் பெரிதும் குறைத்த கண்டுபிடிப்பு. அதன் அமெரிக்கக் காப்புரிமை ‘இயற்கை நிகழ்வு’ என்று 2015-இல் அங்கே செல்லாமல் போனது. அதே துறையில் ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகம் போட்ட இன்னொரு விண்ணப்பம் இங்கே 3(ஐ)-யில் தள்ளப்பட்டு, 2023 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்த நிராகரிப்பை ரத்து செய்தது. உடலுக்கு வெளியே ஆய்வகத்தில் செய்வதாலேயே ஒரு சோதனை தப்பிவிடாது. ஆனால் அது தானே நோயை அடையாளம் காட்டுவதாக இருந்தால்தான் ‘நோயறிதல்’ ஆகும் என்று நீதிமன்றம் கோடு போட்டது. நல்ல கோடுதான். ஆனால் விளைவைப் பாருங்கள்: சோதனை எவ்வளவு துல்லியமாக நோயைச் சொல்கிறதோ அவ்வளவுக்குக் காப்புரிமை கிடைப்பது கடினமாகிறது. கட்டிலில் படுத்திருக்கும் நோயாளிக்குச் செய்யும் முறையையும், ஆய்வகக் குழாயில் செய்யும் சோதனையையும் சட்டமே பிரித்து எழுத வேண்டும். விலை ஏறும் என்ற பயத்துக்குக் கட்டாய உரிமம் (காப்புரிமைக்காரர் சம்மதிக்காவிட்டாலும் பிறர் தயாரிக்கத் தரும் அனுமதி) என்ற வழி ஏற்கெனவே சட்டத்தில் இருக்கிறது.

இனி, எழுத்தும் சரி, கருவியும் சரி, ஆனாலும் தோற்பவர்கள். எக்ஸ்போவில் வைத்துவிட்டு, ஜர்னலில் கட்டுரை போட்டுவிட்டு, யூடியூபில் விளக்கிவிட்டு, பிறகு வருவார்கள். அமெரிக்காவில் இருக்கும் ஓராண்டுச் சலுகை இங்கேயும் உண்டு என்று நினைப்பு. இங்கே அது மிகக் குறுகியது: அரசு அறிவிக்கை செய்த கண்காட்சி, அறிஞர் அவையில் படித்த கட்டுரை என்று சிலதுக்கு மட்டும் 12 மாதம். கல்லூரி அரங்கில் நடந்த சிம்போசியம் அதில் சேருமா என்று பிறகு வாதாடுவதைவிட, 1,600 ரூபாய் கட்டி ஒரு புரொவிஷனல் (தேதியைப் பிடித்துவைக்கும் முதற்கட்ட விண்ணப்பம்) போட்டுவிட்டு மேடையேறுவது மேல். அதிலிருந்து 12 மாதத்துக்குள் முழு விளக்கம் தர வேண்டும். புரொவிஷனலில் இல்லாத அம்சத்துக்குப் பழைய தேதி கிடைக்காது. ஆகவே அழுத்தப் பூட்டு அன்றைக்கே யோசனையில் இருந்தால் அன்றைக்கே எழுதிவிடுங்கள்.

தேதிகள். ஆய்வுக் கோரிக்கை, படிவம் 18, முன்னுரிமைத் தேதியிலிருந்து (முதல் விண்ணப்பம் போட்ட நாளிலிருந்து) 31 மாதம். 2024 மார்ச் 15-க்கு முன் போட்டவர்களுக்குப் பழைய 48 மாதம். கட்டணம் தனிநபர், ஸ்டார்ட்அப், கல்வி நிறுவனத்துக்கு 4,000. ஸ்டார்ட்அப், பெண் விண்ணப்பதாரர் போன்றோர் படிவம் 18ஏ-யில் 8,000 கட்டி விரைவு வரிசையில் நிற்கலாம். ஆட்சேபங்களைப் பட்டியலிடும் முதல் ஆய்வறிக்கைக்குப் பதில் 6 மாதம், கேட்டால் இன்னும் 3. இந்த 6 மாதம் நீங்கள் மின்னஞ்சலைத் திறந்த நாளிலிருந்து அல்ல, அவர்கள் அனுப்பிய நாளிலிருந்து. ஹியரிங் முடிந்து எழுத்து வாதம் தர 15 நாள். நிராகரித்தால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீட்டுக்கு 3 மாதம்.

இத்தனை கெடுவுக்கும் தகவல் போவது விண்ணப்பத்தில் கொடுத்த முகவரிக்கு. ‘குறைந்த செலவில் பப்ளிஷ் செய்து தருகிறோம்’ என்று வாங்கிப் போட்ட ஏஜென்சியின் முகவரி அங்கே இருந்தால், வேலை முடிந்த பிறகு அந்த மின்னஞ்சலை யார் திறப்பார்? உங்கள் விண்ணப்ப எண்ணை இன்றைக்கு ஒரு முறை இன்பாஸில் போட்டுப் பாருங்கள். ஆய்வறிக்கை எப்போதோ வந்து உட்கார்ந்திருக்கலாம்.