நாலு அறை, ஒரு போன்

சின்ன விடுதிக்காரர்கள் இன்னும் டிஜிட்டலுக்கு மாறவில்லை என்று யாராவது மேடையில் வருத்தப்பட்டால் எனக்கு என் சித்தப்பா வீட்டு அடுப்படிதான் ஞாபகம் வரும். கொடைக்கானலில், நாயுடுபுரம் பக்கம், நாலு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறார். அடுப்படி ஜன்னலில்தான் சிக்னல் ஒழுங்காக வரும். அதனால் தொழிலுக்கான போன் எந்நேரமும் அங்கேதான், உப்பு ஜாடிக்குப் பக்கத்தில்.

மாறாமல் என்ன? யுபிஐ வந்தது 2016இல். இன்று ஏரிக்கரையில் சோளம் சுடுகிற அக்காவிடமும் க்யூஆர் அட்டை இருக்கிறது, குதிரைக்காரரிடமும் இருக்கிறது. யாரும் அவர்களுக்குப் பயிலரங்கு நடத்தவில்லை. 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் வர ஆன்லைனில் எடுக்கும் அனுமதிச் சீட்டு, இ-பாஸ், கட்டாயமானதே, அதை எங்கள் வீட்டில் முதலில் கற்றுக்கொண்டது எட்டாவது வரை படித்த சித்திதான். வத்தலக்குண்டில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு “அக்கா, ஓடிபி வரமாட்டேங்குது” என்று போன் செய்கிறவர்களுக்கு, வெங்காயம் நறுக்கிக்கொண்டே வழி சொல்வார். தேவை கண்ணெதிரே இருந்தால் எங்கள் ஆட்கள் ஒரே நாளில் பழகிவிடுவார்கள்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. அதில் எனக்கும் பங்குண்டு. 2019இல் சித்தப்பாவை ஒரு புக்கிங் தளத்தில் சேர்த்துவிட்டவன் நான்தான். (எந்தத் தளம் என்று கமென்ட்டில் கேட்காதீர்கள்.) ஒப்பந்தம் முழுக்க ஆங்கிலம். கீழே வரை தள்ளி, டிக் அடித்து, காபி குடித்தோம்.

இப்போதைய கணக்கு இது. அறை 2,500 ரூபாய். தளம் அவ்வப்போது ஏதாவது ஒரு பெயரில் 20 சதவீதம் தள்ளுபடி போடச் சொல்லும், போடாவிட்டால் பட்டியலில் எங்கேயோ அடியில் கிடப்போம். ஆக 2,000. அதில் கமிஷன் 18 சதவீதம், 360. அந்தக் கமிஷனுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம், இன்னொரு 65. கைக்கு வருவது 1,575. வெந்நீர், துணி வெளுப்பு, கரண்ட் பில் எல்லாம் இதற்குள்தான். நியாயமாகவும் சொல்லவேண்டும்: ஜூலை மாதத்துச் செவ்வாய்க்கிழமை, மழையில், ஹைதராபாத்திலிருந்து ஒரு ஜோடியை எங்கள் வாசலுக்குக் கொண்டுவர அந்தத் தளத்தால்தான் முடிந்தது. பழைய காலத்து பஸ் ஸ்டாண்ட் புரோக்கரும் கமிஷன் வாங்கியவர்தான். ஆனால் அவரோடு பேரம் பேச முடிந்தது.

ஒரு பொங்கல் விடுமுறையில் நடந்ததைச் சொல்கிறேன். வருஷா வருஷம் வரும் தூத்துக்குடிக் குடும்பத்துக்குச் சித்தப்பா நேரில் அறை கொடுத்துவிட்டார். தளத்தின் கேலண்டரில் அந்த அறை காலியில்லை என்று அடைக்க மறந்துவிட்டார். அதே அறை நாலு மணிக்குத் தளத்திலும் போய்விட்டது. இரவு பத்து மணிக்குத் தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி ஒருவர் வந்து நிற்கிறார். சித்தியும் சித்தப்பாவும் தங்கள் படுக்கையறையை ஒழித்துக் கொடுத்துவிட்டு ஹாலில் படுத்தார்கள். காலையில் இட்லி, பணம் வேண்டாம் என்றும் சொன்னார்கள். மறுநாள் ரிவ்யூ வந்தது: வெந்நீர் வரத் தாமதம், பத்துக்கு ஐந்து. அவர் மேல் தப்பில்லை, வெந்நீர் நிஜமாகவே தாமதம்தான். ஆனால் அடுத்த இரண்டு மாதம் போன் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் சும்மாவே கிடந்தது.

இது எங்கள் வீட்டுப் புலம்பல் மட்டும் இல்லை. 2022 அக்டோபரில் நிறுவனங்களின் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம், மேக்மைட்ரிப், கோஐபிபோ என்ற புக்கிங் தளங்களின் குழுமத்துக்கு 223.48 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. காரணங்களில் ஒன்று, விடுதிகள் வேறு தளத்திலோ தங்கள் சொந்த இணையதளத்திலோ விலையைக் குறைக்கக்கூடாது என்று போட்ட நிபந்தனை. அந்த உத்தரவைப் படித்தபோதுதான் ஒப்பந்தத்தின் அடிப்பகுதியில் இருப்பவை எவ்வளவு பெரிய விஷயங்கள் என்று உறைத்தது. அரசு பயிற்சி நடத்துவதானால் இன்ஸ்டாகிராமில் ரீல்ஸ் போடுவது எப்படி என்று ஆரம்பிக்கவேண்டாம். கமிஷன் கணக்கு, கேலண்டர், தள்ளுபடி டிக்கை எடுத்துவிடுவது எப்படி, இதைச் சொல்லிக் கொடுங்கள். ஒப்பந்தத்தைத் தமிழில் தரச்சொல்லி நிறுவனங்களைக் கேளுங்கள். நாலு அறைக்காரன் கேட்டால் யார் தரப்போகிறார்கள்?

சித்தி தன் வழியில் ஒன்று ஆரம்பித்திருக்கிறார். கிளம்புகிறவர்களிடம் கேட்டு ஒரு நோட்டில் பெயர், ஊர், நம்பர், குழந்தைக்குக் காரம் ஆகுமா என்பது வரை எழுதிக்கொள்கிறார். மார்ச்சில் எல்லோருக்கும் வாட்ஸப்பில் ஒரு செய்தி. போன சீசனில் நாலில் இரண்டு அறை அப்படித்தான் நிரம்பின.

போன வாரம் தளத்திலிருந்து ஒரு பெண் போன் செய்தார். கூடுதலாக மூன்று சதவீதம் கொடுத்தால் பட்டியலில் மேலே காட்டுவார்களாம். சித்தப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “நீங்க கொடைக்கானல் வந்திருக்கீங்களாம்மா?” என்றார். இல்லை சார் என்றார் அவர்.

“வந்தா இந்த நம்பருக்கே நேரா கூப்பிடுங்க. குறைச்சுப் போட்டுத் தர்றேன்.”