வேகம் மாறினால் தாள நடை மட்டும் மாறுவதில்லை

டிஜே வேகத்தைக் கூட்டினாலும் குறைத்தாலும் தாள நடை மட்டுமே மாறும், பாட்டு அப்படியே இருக்கும் என்று சிலர் சொல்வது இசைத்தட்டுக்குச் சிறிதும் பொருந்தாது. தட்டு விரைந்து சுழலும்போது பதிவிலுள்ள எல்லா அதிர்வெண்களும் அதே விகிதத்தில் உயர்வதால், ஏறத்தாழ 6 விழுக்காடு வேகம் கூடினாலே பாட்டு முழுவதும் அரைச் சுரம் (ஆர்மோனியத்தில் அடுத்த கட்டை அளவு) மேலேறிவிடுகிறது. டிஜேக்கள் பயன்படுத்தும் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 என்ற இசைத்தட்டுக் கருவியில் வேகத்தை இருபுறமும் 8 விழுக்காடு நகர்த்தலாம். அதன் இரு முனைகளுக்கும் இடையே இரண்டரை அரைச் சுரங்களுக்கு மேல் வேறுபாடு உண்டு.

சுருதியைவிடக் குரலின் நிறம் மாறுவதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. தொண்டையிலும் வாயிலும் எழும் ஒத்ததிர்வுகளும் சேர்ந்தே நகர்வதால், வேகம் கூடும்போது பாடுபவரின் உடல் சிறுத்ததுபோலவும், குறையும்போது பருத்ததுபோலவும் கேட்கிறது. வேகம் குறையும்போது, முன்பு விரைவில் கரைந்து மறைந்த எதிரொலிகளும் பின்னணி இழைகளும் நீண்டு, பலமுறை கேட்ட பாட்டிலேயே அதுவரை கவனிக்காத அடுக்குகள் புலப்படுகின்றன. 1980களில் பெல்ஜியத்தில் நிமிடத்துக்கு 45 சுற்று ஓட வேண்டிய தட்டுகளை 33 சுற்றில் ஓட்டிய பழக்கம் நியூ பீட் என்ற மின்னணு நடன இசை வகைக்கே வழி வகுத்தது. அமெரிக்காவின் ஹூஸ்டனில் டிஜே ஸ்க்ரூ என்பவர் 1990களில் உருவாக்கிய மந்தகதிக் கலவைகளும் இதே மாற்றத்தை நம்பியவைதான்.

டிஜே மென்பொருளில் உள்ள சுருதிப் பூட்டு என்ற வசதி, வேகம் மாறினாலும் சுருதியைக் காப்பாற்றுவது உண்மை. ஆனால் அது ஒலியைச் சிறு துண்டுகளாக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக இணைத்தே அதைச் செய்கிறது. எனவே வேகத்தை அதிகம் மாற்றும்போது முரசடியின் கூர்மை மழுங்குவதைத் தெளிவாகக் கேட்கலாம்.