"ஏன்" இல்லாத தகவலுக்கு எதற்கு லைக்?

காலையில் வாட்ஸ்அப்பைத் திறந்தால் ரோஜாப்பூ படத்தோடு நாலு "உங்களுக்குத் தெரியுமா?" வந்து கிடக்கிறது. சீனப் பெருஞ்சுவர் நிலாவிலிருந்து தெரியுமாம். தேன் கெடவே கெடாதாம்.

முதலாவது சுத்தப் பொய். சுவரின் அகலம் பல இடங்களில் ஐந்தாறு மீட்டர்தான். நிலா இருப்பதோ சுமார் 3,84,000 கிலோமீட்டர் தூரத்தில். கணக்குப் போட்டால், சேலம் ஜங்ஷனில் நின்றுகொண்டு நாலரை கிலோமீட்டர் தள்ளி இருப்பவர் தலையில் ஒற்றை முடியைத் தேடுவது மாதிரி. வகுத்தல் தெரிந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை பிடித்துவிடும் பொய் இது. ஆனாலும் வருஷக்கணக்காக ஓடுகிறது.

தேன் விஷயம் பாதி உண்மை. எனக்கு முழுப் பொய்யைவிட இந்தப் பாதி உண்மை மேல்தான் கோபம் அதிகம். தேன் கெடாமல் இருப்பதற்குக் காரணம் அதில் தண்ணீர் குறைவு, புளிப்புத் தன்மை அதிகம். ஈரப்பதம் 18 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் ஈஸ்ட் தலையெடுக்காது. 20-ஐத் தாண்டினால் புளிக்க ஆரம்பித்துவிடும். மழை அதிகமான மலைகளில், தேனீக்கள் அடையை மெழுகால் மூடும் முன்பே அவசரமாகப் பிழிந்த தேனில் ஈரம் அதிகம். ஆகவே ஏற்காடு போய்த் திரும்பும்போது பாட்டில் தேன் வாங்கினால், மேலே நுரை கட்டியிருக்கிறதா, மூடியைத் திறக்கும்போது "புஸ்" என்கிறதா, புளித்த வாசம் அடிக்கிறதா என்று பாருங்கள். ஈரக் கரண்டியைப் போட்டால் நல்ல தேனும் போச்சு. அடியில் சர்க்கரைபோல உறைந்திருந்தால் அது கெட்டதல்ல, வெதுவெதுப்பான தண்ணீரில் பாட்டிலை வைத்தால் இளகிவிடும். "தண்ணீரில் சொட்டு விட்டால் கரையாமல் அடியில் இறங்கினால் சுத்தத் தேன்" என்பதும் செல்லாது. கெட்டியான சர்க்கரைப் பாகும் அப்படியேதான் இறங்கும். இன்னொன்று: ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குச் சேனை வைக்கிறோம் என்று தேனை நாக்கில் தடவாதீர்கள். அதிலிருக்கக்கூடிய ஒரு பாக்டீரியாவின் வித்து, பச்சைக் குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சு உண்டாக்கும். "தேன் கெடாது" என்ற அட்டையில் இதில் ஒரு வரியாவது இருந்ததா?

என் கட்சி இதுதான்: ஆச்சரியம் வேண்டுமென்றால் எகிப்துப் பிரமிடுக்குப் போக வேண்டியதில்லை. சேலத்துச் சமையலறையில் டப்பாவில் கிடக்கிறது.

ஜவ்வரிசி அரிசி இல்லை, தானியமும் இல்லை. உலகத்துக்கு "சேகோ" என்றால் தென்கிழக்கு ஆசியாவில் ஒருவகைப் பனையின் தண்டிலிருந்து எடுக்கும் மாவு. இரண்டாம் உலகப் போரில் அந்தப் பக்கத்துச் சரக்கு நின்றுபோக, 1940-களில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கு மாவிலிருந்து அதே உருண்டையைச் செய்ய ஆரம்பித்தார்கள். மரமே மாறிவிட்டது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. மரவள்ளியும் நம் ஊர்ப் பயிரில்லை, தென் அமெரிக்காவிலிருந்து போர்ச்சுகீசியர் கொண்டுவந்தது. பிரேசில் கிழங்கு, மலாய்ப் பக்கத்துப் பண்டத்தின் பெயர், சேலத்துக் களம். மூன்றும் சேர்ந்த இந்த உருண்டைக்கு 2023-ல் "சேலம் ஜவ்வரிசி" என்று புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது.

மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்று ஏன் சொல்கிறோம்? கிழங்கை நட்டால் முளைக்காது. உருளைக்கிழங்கு உண்மையில் தண்டு, அதனால் அதற்குக் கண் உண்டு. மரவள்ளி அசல் வேர், கண்ணே கிடையாது. செடியின் குச்சியை ஒரு சாண் அளவுக்கு நறுக்கி, மொட்டு மேலே பார்க்க நட வேண்டும். தலைகீழாக நட்டால் முளைப்பு பிந்தும், செடி நோஞ்சானாகும்.

தோண்டி எடுத்த கிழங்கு இரண்டு மூன்று நாளில் உள்ளே நீலக்கறுப்புக் கோடு ஓடிக் கெட்டுப்போகும். ஆத்தூர், ராசிபுரம் பக்கம் கிழங்கு விளையும் காட்டை ஒட்டியே சேகோ ஃபேக்டரிகள் முளைத்ததற்கு இதுதான் காரணம். தூரத்துக்கு அனுப்ப நேரம் இல்லை. நாலைந்து கிலோ கிழங்குக்கு ஒரு கிலோ ஜவ்வரிசி தேறும். கழுவி, தோல் உரித்து, தண்ணீர் விட்டு அரைத்துச் சல்லடையில் வடிப்பார்கள். தங்குகிற சக்கை திப்பி, அது மாட்டுத் தீவனத்துக்குப் போகும். இறங்குகிற பாலைத் தொட்டியில் தெளியவிட்டால் மாவு அடியில் படியும். இங்கேதான் தப்பு நடக்கிறது. தெளிய வைத்தது அதிக நேரமானால் புளித்து, மாவு மங்கிவிடும். அந்த மங்கலை மறைக்கத்தான் சிலர் வெளுக்கும் ரசாயனத்தைக் கலக்கிறார்கள். கண் கூசும் வெள்ளை ஜவ்வரிசியைப் பார்த்து மயங்காதீர்கள், லேசான பழுப்பு வெள்ளைதான் இயல்பு. பத்து மணியைக் கரண்டியில் வைத்துத் தீயில் காட்டுங்கள். நல்லது உப்பிக் கருகி, சாம்பல் இருந்த தடமே தெரியாது. சாம்பல் கணிசமாக நின்றால் வேறு பொடி ஏதோ இருக்கிறது.

ஈரமாவை உதிர்த்து, குலுக்கி உருட்டி, சூடான தட்டில் வறுத்தால் மாவு ஜவ்வரிசி. ஆவியில் வேகவைத்துக் காயப்போட்டால் நைலான் ஜவ்வரிசி. முதலாவதில் மேல்தோல் மட்டும் வெந்திருக்கும், நடு பச்சை மாவு. அதைக் கொதிக்கும் தண்ணீரில் நேராகக் கொட்டினால் வெளியே பசையாகி, நடுவில் வெள்ளைப் பொட்டு அப்படியே நிற்கும். மூழ்கும் அளவு மட்டும் தண்ணீர் விட்டு மூன்று நாலு மணி நேரம் ஊறவிட்டு, விரலில் நசுக்கினால் நறநறக்காமல் இருக்க வேண்டும். பாயசத்துக்கு நைலான் எடுத்தால் மணி மணியாக நிற்கும்.

விஷம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மரவள்ளியில் சயனைடு வெளியிடும் பொருள் உண்டு, தோலிலும் இலையிலும் அதிகம். அரைக்கும்போதும் நறுக்கும்போதும் வெளியாகும் ஹைட்ரஜன் சயனைடு 26 டிகிரியிலேயே கொதித்துப் பறந்துவிடும். மிச்சம் தண்ணீரோடு போகும். ஜவ்வரிசி பத்திரமாக இருப்பது இதனால்தான். வீட்டில் கிழங்கு வேகவைத்தால் உள்தோலையும் சேர்த்து உரித்து, நிறையத் தண்ணீரில், மூடி போடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். ஆட்டுக்கு மரவள்ளியின் பச்சை இலையைப் போடக்கூடாது. மரவள்ளியின் பங்காளி யார் தெரியுமா? ஆமணக்கு. ரப்பர் மரமும் அதே குடும்பம்தான். சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் மரவள்ளிக்கும் ஆமணக்குக்கும் சேர்த்து ஒரே ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. ஆமணக்கு விதையிலும் ரிசின் என்ற கொடிய நஞ்சு உண்டு, எண்ணெய் பிழிந்தபின் அது பிண்ணாக்கில் தங்கிவிடும்.

இனி மலைக்கு ஏறலாம். ஏற்காட்டின் உயரம் சுமார் 1,500 மீட்டர். அங்கே தண்ணீர் 95 டிகிரியிலேயே கொதிக்கும். அதனால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகத் தாமதமாகும், குக்கரிலும் ஒரு விசில் கூடக் கேட்கும். காபிக்கு மட்டும் அதிர்ஷ்டம்: ஃபில்டருக்கு ஏற்ற சூடே 92 முதல் 96 வரைதான். கொதித்ததும் அப்படியே ஊற்றலாம். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறியபின் சிப்ஸ் பாக்கெட் உப்பித் தெரிவதற்கும் அதே காற்றழுத்தக் குறைவுதான் காரணம், கம்பெனிக்காரன் தாராளமாகிவிடவில்லை.

அந்த மலையின் கல்லுக்குச் சார்னகைட் என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்ற ஆங்கில வியாபாரியின் கல்லறையில் இருந்த கல்லை ஆராய்ந்து, தாமஸ் ஹாலண்ட் 1893-ல் வைத்த பெயர். கல்லறைக் கல் போனது சென்னைப் பக்கத்திலிருந்து. 250 கோடி வருஷம் முன்பு பூமிக்குள் வெகு ஆழத்தில் வெந்த பாறைக்கு, கல்லறையில் படுத்திருக்கும் ஒரு வியாபாரியின் பெயர்.

மலையடிவாரத்து வெள்ளைக்கல்லை வெள்ளைக்காரர்கள் சாக் ஹில்ஸ் என்றார்கள். அது சாக் என்கிற சுண்ணாம்புக்கல் இல்லை, மேக்னசைட் என்ற மெக்னீசியத் தாது. வித்தியாசம் பார்க்க ஒரு வழி: நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் உடனே பொங்கும். வெள்ளைக்கல் சும்மா இருக்கும், சூடுபடுத்திய அமிலத்துக்குத்தான் பொங்கும். அதை எரித்து வரும் மெக்னீசியா 2,800 டிகிரி வரை உருகாது. உருக்காலை உலைகளின் உள்சுவர்ச் செங்கல் அதனால் ஆனது.

சேலத்தை ஒட்டிய கஞ்சமலைப் பக்கம் போனால் ஒரு காந்தத்தைக் கையோடு எடுத்துப் போங்கள். ஓடை மணலில் துழாவினால் கருமணல் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டு வரும், மேக்னடைட் என்ற இரும்புத் தாது. காந்தத்தை முதலிலேயே ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அந்தப் பொடியைச் சுரண்டி எடுக்க ஒரு பொழுது ஆகும்.