நொடிக்கு 12 அசைவுகள்

பள்ளத்தூரில் என்னிடம் ஓவியம் பயின்ற மாணவி ஒருத்தி, பிளஸ் டூ முடித்த கையோடு, ஸ்டாப் மோஷன் அனிமேஷன்தான் தன் தொழில் என்று வீட்டில் சொல்லிவிட்டாள். பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு நிலையையும் தனித்தனியே படம் பிடித்து, தொடர்ந்து ஓட்டும்போது அது தானே அசைவதுபோல் காட்டும் வித்தை அது. அன்று முதல் அவளுடைய தந்தையார் என்னைக் காணும்போதெல்லாம், "சார், நீங்களாவது எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்று கேட்கிறார். அவரிடம் நேரில் சொல்லத் தயங்கியதை இங்கே எழுதுகிறேன்.

அவள் முதலில் எடுத்தது ஒரு குதிரையின் நடை. ஐயனார் கோயில் புரவி எடுப்புத் திருவிழாவுக்குக் குயவர்களான வேளார் செய்யும் மண்குதிரைகளைப் பார்த்து வளர்ந்தவள் ஆதலால், அலுமினியக் கம்பியை முறுக்கி எலும்புக்கூடாக்கி, அதன்மேல் எண்ணெய்க் களிமண்ணை அப்பி, ஒரு சாண் உயரக் குதிரை செய்து, வீட்டு வளவில், அதாவது உள்முற்றத்தில், நிறுத்திக் கைப்பேசியில் படம் பிடித்தாள். ஒரு நொடிக்கு 24 படச்சட்டங்கள் (ஃபிரேம்கள்). ஒவ்வொரு நிலையையும் இரண்டு சட்டங்களுக்கு வைத்துக்கொண்டாலும் நொடிக்கு 12 முறை பொம்மையைத் தொட்டு நகர்த்தியாக வேண்டும். 40 நொடிப் படத்துக்கு 480 முறை. தூணோரம் உட்கார்ந்திருந்த அவளுடைய அப்பத்தா, "ஏத்தா, அஞ்சடி நடக்குறதுக்கு ரெண்டு நாளா?" என்று கேட்டதில் வியப்பில்லை.

ஓட்டிப் பார்த்தபோது குதிரை நடக்கவில்லை, வழுக்கியது. போதாக்குறைக்குப் படம் முழுவதும் சிமிட்டியது. வளவில் விழும் வெயில் நேரத்துக்கு நேரம் மாறியதும், அதற்கேற்பக் கைப்பேசி தானாகவே வெளிச்ச அளவைக் கூட்டிக் குறைத்ததும்தான் சிமிட்டலுக்குக் காரணம். அடுத்த முறை சாமான் அறையில் கதவைச் சாத்தி, இரண்டு எல்இடி விளக்குகளை அசையாமல் கட்டி, வெளிச்ச அளவையும் குவியத்தையும் பூட்டி, வெள்ளை உடுப்பின் எதிரொளி பொம்மைமேல் படக் கூடாதென்று அண்ணனின் கறுப்புச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலை செய்தாள். சித்திரை வெக்கையில் களிமண் இளகி முழங்கால் மடங்கிப்போனதால், படப்பிடிப்பு விடியற்காலைக்கு மாறியது.

வழுக்கலைத் தீர்த்தது அவர்கள் வீட்டுப் பட்டாலையில், அதாவது கூடத்தில், தொங்கும் ஊஞ்சல். அதை ஆட்டிவிட்டுப் படம் பிடித்துச் சட்டம் சட்டமாக நிறுத்திப் பார்த்தாள். இரு முனைகளிலும் பலகை மயிரிழை அளவே நகர்கிறது, நடுவில்தான் தாவுகிறது. அவளோ குதிரையின் காலை ஒவ்வொரு முறையும் ஒரே அளவு நகர்த்தியிருந்தாள். தூக்கும் இடத்திலும் ஊன்றும் இடத்திலும் அசைவுகளை நெருக்கி, இடையில் விலக்கியதும் குதிரைக்குக் கனம் வந்துவிட்டது. இதை நான் சொல்லிக் கொடுக்கவில்லை; எனக்கே தெரியாது.

மதுரையில் ஒரு பயிற்சி நிலையம் இதைப் "பழைய வித்தை" என்று ஒதுக்கி, கணினி வகுப்புக்குக் கட்டணம் வாங்கிக்கொண்டது. எனக்கு அதில் கோபம் உண்டு. 2023-இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் பெற்றது ஸ்டாப் மோஷன் படம்தான். இங்கிலாந்தின் ஆர்ட்மேனும் அமெரிக்காவின் லைக்காவும் இந்த வித்தையை வைத்தே பெயர் வாங்கிய அனிமேஷன் பட நிறுவனங்கள். ஆனால் தந்தையாரின் அச்சத்தையும் நான் தள்ளிவிட மாட்டேன். நம் பக்கத்தில் இதற்கென்று மாதச் சம்பளம் தரும் இடங்கள் மிகக் குறைவு; விளம்பரம், குறும்படம் என்று கிடைக்கும் வேலையைக் கிடைக்கும்போது செய்ய வேண்டியிருக்கும். ஆகவே அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கோ, தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படப் பயிற்சி நிறுவனத்துக்கோ அவள் முறையாக முயல வேண்டும் என்பதே என் கருத்து. ஊஞ்சலில் கற்ற கணக்கு நாளை கணினி அனிமேஷனுக்கும் அப்படியே உதவும். இப்போதைக்கு அவள் கையில் இருக்க வேண்டியது நல்ல மாதிரிப் படங்கள். 1912-இல் தாதாசாகேப் பால்கே, பட்டாணிச் செடி வளர்வதைச் சட்டம் சட்டமாகப் பிடித்துக் காட்டித்தான் தம் முதல் கதைப்படத்துக்குப் பணம் திரட்டினார்.

அந்தச் சாமான் அறையைக் கடைச் சரக்கு வைக்க வாடகைக்கு விடப்போவதாகக் கேள்விப்பட்டேன். நுழைவுத் தேர்வு முடியும்வரையாவது அதை அவளிடமே விட்டுவையுங்கள் ஐயா. குதிரை இப்போது பாதி வழியில் ஒரு காலைத் தூக்கியபடி நிற்கிறது, யாரும் தொட்டுவிடக் கூடாது.