ஸ்பேர் சாவிக்குப் பேட்டரி மாற்றினால் போதுமா?
ஸ்பேர் சாவியில் வண்டி கிளம்பாவிட்டால் பேட்டரியை மாற்றினால் சரியாகிவிடும் என்று சொன்ன அண்ணனுக்கு: அந்தப் பேட்டரி கதவு ரிமோட்டுக்குத்தான். சாவியை நுழைத்துத் திருப்பும் வண்டிகளில் இம்மொபிலைசர் (வேறு சாவியில் எஞ்சின் ஓடாமல் தடுக்கும் திருட்டுத் தடுப்பு) சிப்புக்குப் பொதுவாகப் பேட்டரியே தேவையில்லை. சாவித்துளையைச் சுற்றியுள்ள கம்பிச்சுருளிலிருந்தே அதற்கு மின்சாரம் கிடைக்கிறது. சிப்பை வண்டியின் கணினியில் பதிந்திருக்க வேண்டும், அதுதான் விஷயம்.

சிங்கப்பூரில் சின் மிங் பக்கம் நான் வெட்டிய சாவி கதவைத் திறந்தது. எஞ்சின் ஒரு நொடி உறுமி அணைந்தது, டாஷ்போர்டில் சாவிப் படம் மினுக்கியது. பேட்டரிக்குக் கொடுத்த காசுதான் தண்டம். சிப்பைப் பதிந்த அப்புறம்தான் கிளம்பியது.

பட்டன் ஸ்டார்ட் என்றால் கதை வேறு. பேட்டரி தீர்ந்திருந்தாலும் பல மாடல்களில் சாவியைப் பட்டனோடு ஒட்டிப் பிடித்தால் கிளம்பிவிடும்.