ஆர்வம் இல்லை என்று சொல்வதற்கு முன்னால் டைம்டேபிளைப் பாருங்கள்

முந்தாநாள் பதிவுக்குக் கீழே நடந்ததைப் பார்த்தவர்களுக்கு விஷயம் தெரியும். அமெரிக்காவில் நான் பாடம் எடுக்கும் கம்யூனிட்டி காலேஜில், அதாவது இரண்டு வருடப் படிப்புக்கான உள்ளூர் பொதுக் கல்லூரியில், மாலை ஆறரை மணி ப்ரோகிராமிங் வகுப்பை அடுத்த செமஸ்டரிலிருந்து எடுத்துவிட ஒரு கூட்டத்தில் முடிவு செய்துவிட்டார்கள். அதே கூட்டத்தில்தான் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் பெண்களை ஈர்ப்பதற்காக போஸ்டர் அடிக்கப் பணம் ஒதுக்கினார்கள். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுதினேன், அவ்வளவுதான். உடனே ஓர் அண்ணன் வந்து, "பெண்களுக்கு இதில் ஆர்வம் இல்லை, அதை ஏன் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறீர்கள்?" என்று கேட்டார். அதற்கு லைக் போட்டவர்களில் பாதிப் பேர் எனக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். அவர் எழுதியதைவிட அதுதான் வலித்தது.

அண்ணா, ஆர்வத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் டைம்டேபிளைப் பாருங்கள்.

அமெரிக்காவில் கம்யூனிட்டி காலேஜுக்கு வருபவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். அரசின் கணக்காய்வு அலுவலகம் 2019-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாட்டில் இளநிலை படிப்பவர்களில் ஐந்தில் ஒருவருக்கு மேல் பிள்ளை வளர்த்துக்கொண்டே படித்தார்கள். அவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் துணையில்லாமல் தனியாக வளர்த்தவர்கள். இப்படிப் பிள்ளை வளர்க்கும் பெண்கள்தான் எங்கள் நர்சிங் வகுப்பையும் அக்கவுண்டிங் வகுப்பையும் நிரப்புகிறார்கள். அனாடமியை மனப்பாடம் செய்கிறார்கள், மருந்தின் அளவை நோயாளியின் எடைக்கு ஏற்பக் கணக்குப் போடுகிறார்கள். அதே கட்டடத்தில் எங்கள் கம்ப்யூட்டர் லேபுக்கு வந்து பாருங்கள், பெண்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். மருந்துக் கணக்கு போடத் தெரிந்தவளுக்கு ஒரு லூப் (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொல்லும் கட்டளை) எழுத வராதா? வரும். அவள் வரக்கூடிய நேரத்தில் வகுப்பு இருக்க வேண்டும்.

என் மாலை வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். பகலில் ஆஸ்பத்திரி ரிசெப்ஷனில் வேலை. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காத நாட்களில் மகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிடுவாள். அந்தக் குழந்தை கடைசி வரிசையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு சத்தமே இல்லாமல் கலர் அடித்துக்கொண்டிருக்கும். ஒருநாள் இவளுடைய ப்ரோகிராமில் பத்து வரி வர வேண்டிய இடத்தில் ஒரே ஒரு வரி வந்தது. பைத்தான் என்ற ப்ரோகிராமிங் மொழி தெரிந்தவர்களுக்குப் புரியும், பிரிண்ட் வரி லூப்புக்கு வெளியே போயிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்பேஸ் பாரை நாலு தட்டு தட்டி அதை உள்ளே தள்ளினாள். தள்ளிவிட்டு, "அப்போ இந்த மொழியில் இடைவெளிக்கும் அர்த்தம் உண்டா?" என்று கேட்டாள். வீட்டில் கம்ப்யூட்டரோடு வளர்ந்த பல பையன்கள் செமஸ்டர் முடியும்வரை இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. இவளுக்கா ஆர்வம் இல்லை?

லேபுக்குள் குழந்தை வரக் கூடாது என்று யாரோ புகார் கொடுத்தார்கள். விதியும் அப்படித்தான் இருக்கிறது. சரி. இப்போது வகுப்பும் இல்லை. மிச்சம் இருப்பது காலை பதினொரு மணி செக்‌ஷன் மட்டும், அந்த நேரத்தில் அவள் வேலையில் இருப்பாள். இந்த வகுப்பை முடிக்காமல் அடுத்ததில் சேர முடியாது. எங்கள் காலேஜில் அந்த அடுத்த வகுப்பான டேட்டா ஸ்ட்ரக்சர்ஸை வருடத்துக்கு ஒரு முறைதான் வைக்கிறார்கள். ஒரு செமஸ்டர் தவறினால் நாலு வருடக் கல்லூரிக்கு மாறுவது ஒரு முழு வருடம் தள்ளிப்போகும். அவள் நர்சிங்குக்கே போய்விடுவாள். அப்புறம் நாம் உட்கார்ந்து "ஆர்வம் இல்லை" என்று எழுதுவோம்.

"ஆள் சேரவில்லை, அதனால் எடுத்தார்கள்" என்கிறீர்கள். செமஸ்டர் தொடங்குவதற்குப் பல வாரங்களுக்கு முன்பே எண்ணிக்கையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். அடுத்த மாத ஷிப்ட் என்ன, குழந்தையை யாரிடம் விடுவது என்பதெல்லாம் இந்தப் பெண்களுக்குக் கடைசி வாரத்தில்தான் தெரியும். அப்போதுதான் பதிவு செய்ய வருவார்கள். வந்து பார்த்தால் வகுப்பு இருக்காது.

"ஆண்களுக்கும் குடும்பம் இருக்கிறதே?" இருக்கிறது. மாலை வகுப்பு இருந்தால் அவர்களும் வரட்டும். இதில் எனக்கு என்ன சண்டை?

பெண்களின் மூளை அமைப்பே வேறு என்று இன்னொருவர் எழுதியிருந்தார். இதற்கு மட்டும் விரிவாகவே சொல்கிறேன். அமெரிக்காவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இளநிலைப் பட்டம் வாங்கியவர்களில் பெண்கள் 1984 வாக்கில் 37 சதவீதம். 2010 வாக்கில் அது 18 சதவீதமாக இறங்கிவிட்டது. இருபத்தைந்து வருடத்தில் மூளை மாறிவிடுமா? வீட்டுக் கம்ப்யூட்டர் வந்தது. அதைப் பையன்களுக்கான சாமான் என்று விற்றார்கள், வாங்கியவர்களும் பையன் அறையில்தான் வைத்தார்கள். காலேஜில் முதல் நாளே "கோடிங் தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்" என்று கேட்டால் யார் கை மேலே போகும், யார் அடுத்த வாரம் வராமல் நின்றுவிடுவார்கள் என்பதை யாரும் ஊகிக்கலாம். நானும் நீங்களும் படித்த ஊரில் கம்ப்யூட்டர் சயின்ஸ் வகுப்பில் பெண்கள் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள். கடல் தாண்டியதும் மூளை மாறிவிடவில்லை.

மாற்ற முடியும் என்று காட்டியும் விட்டார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் கம்ப்யூட்டர் சயின்ஸில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் 1995-ல் 7 சதவீதம், 2000-ல் 42 சதவீதம். ஹார்வி மட் கல்லூரியில் முதல் வகுப்பை முன் அனுபவம் உள்ளவர்களுக்குத் தனியாக, இல்லாதவர்களுக்குத் தனியாகப் பிரித்தார்கள், ஜாவா மொழியை விட்டுவிட்டு பைத்தானுக்கு மாறினார்கள், மாணவிகளை கம்ப்யூட்டர் துறைப் பெண்கள் கூடும் கிரேஸ் ஹாப்பர் மாநாட்டுக்கு அழைத்துப் போனார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸில் சுமார் 10 சதவீதமாக இருந்த பெண்களின் பங்கு சில வருடங்களில் 40 சதவீதத்தைத் தொட்டது. "அதெல்லாம் பணக்காரக் கல்லூரி" என்பீர்கள். வகுப்பைப் பிரிக்கப் பெரிய பணம் வேண்டாம், இரண்டு செக்‌ஷன் வேண்டும். எங்களிடம் இரண்டு இருந்தன, ஒன்றை வெட்டிவிட்டோம்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று இன்பாக்ஸில் கேட்டவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். நான் எச்-4 விசாவில், அதாவது கணவரின் வேலை விசாவைச் சார்ந்த விசாவில் வந்தவள். அந்தக் காலத்தில் அந்த விசாவில் வேலை பார்க்க முடியாது. 2015-ல் ஒரு பகுதியினருக்கு மட்டும் அனுமதி கிடைத்தது. ஆனால் படிக்கத் தடை இல்லை. கணவர் காரோடு வீட்டுக்கு வந்ததும் குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு நான் ஓடியது ஒரு மாலை வகுப்புக்குத்தான். அப்போது நம் ஆட்கள் வீட்டு விருந்துகளில் "ஓ, கம்யூனிட்டி காலேஜா? நல்ல டைம்பாஸ்" என்பார்கள். சிரித்துக்கொண்டே தட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவேன். அதே வீடுகளில் இன்று மகள்களை ரோபோடிக்ஸ் கேம்புக்கு அனுப்புகிறீர்கள். நல்லது, அனுப்புங்கள். ஆனால் உங்கள் மகளுக்கு இருக்கிற ஆர்வம் அந்த ரிசெப்ஷனிஸ்ட் பெண்ணுக்கு இருக்காது என்று எந்த தைரியத்தில் லைக் போட்டீர்கள்?

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும். அந்தக் கூட்டத்தில், போஸ்டருக்குப் படம் தேர்ந்தெடுக்கும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள், நான் பெண் என்பதால். நான் அட்ஜங்க்ட், அதாவது நிரந்தரம் இல்லாத பகுதிநேர ஆசிரியை. வகுப்புக்கு இவ்வளவு என்று எண்ணித் தரும் சம்பளம். அதற்கு வெளியே செய்கிற எதற்கும் காசு கிடையாது. மாலை வகுப்பு வேண்டும் என்று நான் கேட்டதைக் குறிப்பில்கூட எழுதவில்லை. போஸ்டர் வேலை என் பெயரில் பதிவாகியிருக்கிறது. அதை நான் செய்யப் போவதில்லை, எழுதியும் கொடுத்துவிட்டேன்.

காலேஜ் போர்டு கூட்டத்தில் பொதுமக்கள் பேசலாம். முன்கூட்டியே பெயர் கொடுத்தால் சில நிமிடம் தருவார்கள். அடுத்த கூட்டத்துக்கு நான் பெயர் கொடுத்திருக்கிறேன். கேட்கப் போவது இரண்டு விஷயம்: ஆறரை மணி வகுப்பு திரும்ப வேண்டும், வகுப்பு நடக்கும் நேரத்தில் குழந்தைகள் இருக்க ஓர் அறை வேண்டும். பகல் நேரக் குழந்தைகள் காப்பகம் ஏற்கெனவே இருக்கிறது, மாலையில் பூட்டிக் கிடக்கிறது. இந்த டிஸ்ட்ரிக்டில் வீடு வைத்திருப்பவர்கள் எல்லாரும் சொத்து வரியில் இந்தக் காலேஜுக்கும் பணம் கட்டுகிறீர்கள், பேச உங்களுக்கும் உரிமை உண்டு. அந்த அண்ணன் உட்பட. வருகிறவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள், பெயர் கொடுக்கும் படிவத்தை அனுப்புகிறேன்.