கை தட்டாதவர் ஆராதிக்கவில்லை என்று யார் சொன்னது?

சனிக்கிழமைக் கூட்டத்து வீடியோவை இதற்குள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். மேடையில் நின்றவர் சொன்னதைத் திரும்ப எழுத விருப்பமில்லை. ஆனால் எழுதாவிட்டால் "அப்படியொன்றும் சொல்லவில்லையே" என்று வருவீர்கள். "கை தட்டாமல் உட்கார்ந்திருக்கிறவர்களின் ஆராதனை செத்த ஆராதனை" என்றார். சொல்லிக்கொண்டே முன்வரிசையில் இருந்த ஒரு வயதான அம்மாவைக் கை காட்டினார். கமெராவும் அந்தப் பக்கம் திரும்பியது. சிரிப்பு முகம் போட்டு அதைப் பகிர்ந்தவர்களில் பலர் என் நண்பர் பட்டியலில் இருக்கிறீர்கள்.

அவர் என் பெரியம்மா.

ஆராதனை ஆண்டவருக்குச் செய்வது. மேடைக்குச் செய்வதில்லை. அவர் கடவுள், நான் அவர் கையில் இருக்கிறவள் என்று மனதார ஏற்றுக்கொண்டு அவர் முன்னால் பணிவதுதான் ஆராதனை. அந்தப் பணிவு ஒருவருக்குப் பாட்டாக வரும், ஒருவருக்குக் கண்ணீராக வரும், இன்னொருவருக்கு வெளியே ஒன்றுமே வராது. வெளியே வராததை வைத்து உள்ளே இல்லை என்று தீர்ப்புச் சொல்ல மைக் பிடித்தவருக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

வேதத்தில் அன்னாள் சீலோவுக்குப் போய் ஜெபம் செய்த இடத்தை வாசித்துப் பாருங்கள். பிள்ளையில்லாத வேதனையில் ஆண்டவரிடம் மன்றாடுகிறாள். உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. பார்த்துக்கொண்டிருந்த ஆசாரியன் ஏலி, அவள் குடித்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். ஆலயத்திலேயே இருக்கிற பெரியவருக்கு, தன் கண்ணெதிரே நடந்த ஜெபம் ஜெபமாகத் தெரியவில்லை. ஆனாலும் அவள் தன் மனக்கிலேசத்தைச் சொன்னதும் ஏலி வாயை மூடிக்கொள்ளவில்லை, சமாதானத்தோடு போ என்று ஆசீர்வதித்து அனுப்பினான். எங்கள் மேடையில் நின்றவரிடமிருந்து இன்றுவரை ஒரு வார்த்தை இல்லை.

பெரியம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை, நத்தாருக்கு அடுத்த நாள், சுனாமி வந்த நாள். திருகோணமலையில் திருக்கடலூர்க் கரைக்கு வலை பார்க்கப் போன பெரியப்பா திரும்பி வரவில்லை. அடுத்த ஞாயிறு யாரோ கொடுத்த சேலையைக் கட்டிக்கொண்டு பெரியம்மா சேர்ச்சுக்கு வந்தார். நான் பக்கத்தில் இருந்தேன். பாட்டுத் தொடங்கியது, எல்லாரும் எழும்பினோம், அவர் எழும்பவில்லை. பாட்டுப் புத்தகம் மடியில் திறந்தபடி கிடந்தது. பக்கத்தைப் பிடித்திருந்த பெருவிரல் மட்டும் நடுங்கிக்கொண்டிருந்தது. காணிக்கைப் பை வந்தபோது சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து, கசங்கிய பத்து ரூபாய்த் தாளை நீவிவிட்டுப் போட்டார். "எப்படிப் பெரியம்மா வந்தீங்கள்?" என்று பிறகு கேட்டேன். "வேற எங்க போறது மகள்? அவர்தானே இருக்கிறார்" என்றார்.

இதைச் செத்த ஆராதனை என்கிறீர்களா? வேதத்தில் வருகிற யோபு தன் பிள்ளைகளையெல்லாம் இழந்த செய்தி கேட்டுத் தரையில் விழுந்து பணிந்தானே, அப்போது யார் ட்ரம்ஸ் அடித்தார்கள்?

2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் சேர்ச்சில் குண்டு வெடித்த பிறகு, பையைத் திறந்து காட்டித்தான் நாங்கள் ஆலயத்துக்குள் போனோம். பிள்ளைகளைக் கூட்டிப்போகப் பயந்து எத்தனையோ பேர் வீட்டிலேயே இருந்தோம். அந்த நாட்களிலும் பெரியம்மா வழமையான வாங்கில் இருந்தார்.

இப்போது சிலர் 150ஆம் சங்கீதத்தைக் கொண்டு வருவீர்கள். தாளம், எக்காளம், நடனம் எல்லாம் அதில் இருக்கிறது, சரி. நான் இல்லையென்று சொல்லவில்லை. பாடுங்கள், ஆடுங்கள், கை தட்டுங்கள். ஆண்டவருடைய உடன்படிக்கைப் பெட்டிக்கு முன்னால் தாவீது ராஜா ஆடியதைப் பார்த்து அவன் மனைவி மீகாள் இகழ்ந்தாளே, நீயும் மீகாள்தான் என்று ஒரு தம்பி நேற்றே எழுதிவிட்டார். தம்பி, மீகாள் செய்த குற்றம் என்ன? இன்னொருவர் ஆண்டவருக்குச் செய்த ஆராதனையைச் சன்னலில் நின்று பார்த்து இளக்காரமாக நினைத்ததுதானே? சனிக்கிழமை இரவு அந்தச் சன்னலில் யார் நின்றது என்று நீங்களே யோசியுங்கள்.

இளைஞர்களுக்கு நான் எதிரி என்பவர்களுக்குப் பதில் சொல்ல ஒன்றுமில்லை. என் மகனே கீபோர்ட் வாசிக்கிறான்.

"உன் பெரியம்மா என்றபடியால்தான் கோபம்" என்கிறீர்கள். ஆமாம், கோபம்தான். அவருக்கு முழங்கால் வருத்தம், நிற்க ஏலாது என்று காரணம் சொல்லச் சொல்லிச் சிலர் இன்பொக்ஸில் கேட்டார்கள். சொல்ல மாட்டேன். வருத்தமே இல்லாவிட்டாலும் அவர் தன் ஆண்டவர் முன்னால் உட்கார்ந்திருக்கலாம். அதற்கு யாரிடமும் மருத்துவச் சான்றிதழ் காட்டத் தேவையில்லை.

உங்கள் பாட்டுகளின் இரைச்சலை எடுத்துப் போடுங்கள், நியாயம் தண்ணீரைப் போல ஓடட்டும் என்று ஆண்டவரே சொன்னதாகத் தீர்க்கதரிசி ஆமோஸ் வேதத்தில் எழுதி வைத்திருக்கிறார். அப்போதும் பாட்டுக்குக் குறைவில்லை, ஏழையை மிதித்துவிட்டு வந்து பாடினார்கள். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. நாங்கள் ஒரு விதவையைச் சபை நடுவில் வைத்துச் சிரித்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போனோம். என்னைக் கூடுதலாகச் சுடுவது மேடையில் நின்றவர் சொன்னதுகூட இல்லை. அவர் வெளியூர்க்காரர், பெரியம்மாவைத் தெரியாது. ஆனால் அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பெரியம்மா கையால் ஞாயிறு பாடசாலையில் வேத வசனம் படித்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தீர்கள். ஒருவர்கூட "அப்படிச் சொல்லாதீங்க ஐயா" என்று எழும்பவில்லை.

பிள்ளைகள் கனடாவில், லண்டனில். இங்கே தனியாக இருக்கிற எங்கள் பெரியவர்களுக்கு ஞாயிறு ஆராதனைதான் வாரத்தில் நாலு பேர் முகத்தைப் பார்க்கிற ஒரே நேரம். அதிலும் நாங்கள் இப்படி நடந்தால் அவர்கள் வரமாட்டார்கள். உப்புவெளிப் பக்கம் இரண்டு பேர் ஏற்கெனவே நின்றுவிட்டார்கள், ஓட்டோவுக்குக் காசில்லை என்கிறார்கள். அதுமட்டும்தான் காரணம் என்று நான் நம்பவில்லை.

வரும் ஞாயிறு காலை நான் அந்தப் பக்கம் போய் இருவரையும் ஏற்றிவரப் போகிறேன். பாலையூற்றிலும் நிலாவெளி வீதியிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள், என் ஒரு வண்டி காணாது. வாகனம் உள்ளவர்கள் வெள்ளிக்கிழமைக்கு முன் எனக்குச் சொல்லுங்கள்.